பாலம் வரைக்கும் ஒரு நடை

அப்பா எப்போதும் எங்களுக்குப் பின்னால்தான் நடப்பார். கடைக்குப் போனாலும் சரி, பேருந்து நிறுத்தத்துக்குப் போனாலும் சரி, முன்னால் நான், என்னை ஒட்டி அம்மா, ஐந்தாறு அடி தள்ளி அப்பா. நாங்கள் நின்றால் அவரும் நின்றுவிடுவார். கிட்டே வரமாட்டார். சின்ன வயதில், அவர் மெதுவாக நடக்கிறவர் என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரிக்குப் போன பிறகு அதுவே எரிச்சலாக மாறியது. பட்டமளிப்பு விழா அன்று கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு மண்டபத்தின் நீளமான நடையில் போகிறேன். திரும்பிப் பார்த்தால், அப்பா சுவரை ஒட்டி யாரோ வேற்று ஆள் மாதிரி வந்துகொண்டிருக்கிறார்.

"பக்கத்துல வாங்கப்பா." பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"இந்தா வந்துட்டேன் பாப்பா."

நாலு எட்டு வைத்துப் பக்கத்தில் வந்தார். அடுத்த திருப்பத்தில் பார்த்தால் மறுபடியும் பின்னால்.

"விடுடி," என்றாள் அம்மா. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்து எனக்குக் கழுத்தே ஒரு பக்கம் போயிடுச்சு. அவர் மாறலையே."

அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. அவர் ஏன் அப்படி நடந்தார் என்று அவர் இருக்கும்போது நான் கேட்டதில்லை. அவர் வேலை பார்த்த மருத்துவமனைக்கு ஒரு முறை போனபோதுதான் புரிந்தது. முப்பத்தோரு வருஷம் அவர் அங்கே சலவைப் பிரிவில் இருந்தார். அழுக்குத் துணி வண்டியை வார்டிலிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும், துவைத்த துணி வண்டியை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த நடைபாதைகளில் எழுதப்படாத வரிசை ஒன்று உண்டு. நோயாளியின் ஸ்ட்ரெச்சர் முதலில். அப்புறம் டாக்டர்கள், நர்ஸ்கள், பழக்கூடையோடு வருகிற சொந்தக்காரர்கள். எல்லாரும் போன பிறகு, சுவரை ஒட்டி, துணி வண்டி. லிஃப்ட் வந்தாலும் அப்படித்தான். இடம் மிச்சமிருந்தால் மட்டும் ஏறலாம். முப்பத்தோரு வருஷம் அப்படி நடந்த கால், ஓய்வு கொடுத்தவுடன் மறந்துவிடுமா?

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த அப்பாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அலமாரியைத் திறந்து துண்டுகளை எடுத்து மறுபடி மடிப்பார். பத்துப் பத்தாக அடுக்குவார். பத்தாவதை மட்டும் திருப்பிப் போட்டு மடிப்பார், விளிம்பு வெளியே தெரிகிற மாதிரி. அப்போதுதான் அடுக்கைப் பார்த்தவுடனே எத்தனை பத்து என்று தெரியுமாம். எங்கள் வீட்டில் இருந்ததே ஏழு துண்டு.

"ஊர்த் துணியெல்லாம் மடிச்சது போதாதா?" என்பாள் அம்மா. "அந்தத் துண்டு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? கொஞ்சம் வெளியில போய்ட்டு வாங்களேன், வீடு மூச்சு விடட்டும்."

அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. தெரு முனையில் இருக்கும் சின்ன மருத்துவ நிலையத்து நர்ஸ், மாத்திரையைக் கூட்ட வேண்டாம், நடந்தால் போதும் என்றாள். அங்கேயே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புதனும் சனியும் காலை ஆறரை மணிக்குப் பூங்கா வாசலிலிருந்து கால்வாய் ஓரமாகப் பாலம் வரை சேர்ந்து நடக்கிறோம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கைப்பட எழுதியிருந்தது. கீழே இன்னொரு வரி: யாரையும் விட்டுவிட்டு வர மாட்டோம்.

"எனக்கு எதுக்குப் பாப்பா அதெல்லாம். பெரிய ஆளுங்க வருவாங்க."

"நடக்கறதுக்கு என்ன பெரிய ஆளு சின்ன ஆளு? கால் இருந்தாப் போதும்."

படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர், வயது, தொலைபேசி, உடல் தொந்தரவு, வேலை. வேலை என்ற இடத்தில் பேனா நின்றது. எனக்கு அது புதிதல்ல. பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் எல்லாப் படிவத்திலும் அந்தக் கட்டத்தில் பேனா நின்றிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கட்டங்களை நிரப்பும் வேலை எப்போதும் என்னுடையது. நான் வழக்கமாக எழுதுகிறதையே எழுதினேன்: மருத்துவமனை ஊழியர், ஓய்வு. பொய் இல்லையே என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். பொய் இல்லாத ஒன்றை ஏன் அவருக்குப் படித்துக் காட்டாமல் மடித்துக் கொடுத்தேன் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் நானும் கூடப் போனேன். தனியாக விட்டால் பூங்காவைச் சுற்றிவிட்டு நடந்தேன் என்று வந்து சொல்வார். வாசலில் பன்னிரண்டு பேர் கை காலை உதறிக்கொண்டு நின்றார்கள். குழுவை நடத்துகிறவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கியது. படிவத்தைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆஸ்பத்திரியில இருந்தீங்களா சார்! ரொம்ப நல்லதாப் போச்சு. முன்னால நான் போறேன். பின்னால வர்றதுக்குத்தான் ஒரு நல்ல ஆள் கிடைக்காம தவிச்சிட்டிருந்தேன்."

பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டையை எடுத்து நீட்டினார். இரண்டு வெள்ளைப் பட்டை போட்டது. அதைப் போட்டவர் யாரையும் தாண்டிப் போகக் கூடாது. கடைசி ஆள் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அவருக்குப் பின்னால்தான் வர வேண்டும். கிளம்பும்போது, பாலத்தில், திரும்பி வந்ததும் என்று மூன்று முறை எண்ணிச் சொல்ல வேண்டும்.

"பின்னாலதானே டீச்சர்? அது எனக்குப் பழக்கம்தான்," என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

தன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நாடி பிடிக்கத் தெரிந்தவர், மயங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்தவர் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் சரியாக விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைச் சொல்லவில்லை.

வேலை நாட்களில் எனக்கு முடியாது. ஒரு மாதத்துக்குப் பிறகு சனிக்கிழமையும் தூக்கத்துக்குப் போய்விட்டது. ஆனால் அப்பா நடந்து வந்து சொல்கிற கதையில் எல்லாரும் எனக்குப் பழக்கமானார்கள். குடைக்காரம்மா வெயில், மழை, ஒன்றுமில்லாத நாள் எல்லாவற்றுக்கும் கையில் குடையோடு வருவார், ஆனால் விரிக்க மாட்டார். அப்புறம் லிஃப்ட்காரர். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் நாற்பது வருஷம் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்கியவர். எழுபத்தொரு வயது. அவர்தான் எப்போதும் கடைசி, அதனால் அப்பாவுக்கும் அவருக்கும் ஜோடி சேர்ந்துவிட்டது.

"நாப்பது வருஷம் மேலயும் கீழயும்தான் போனேன் தம்பி," என்பாராம். "முன்னால போறது எப்படின்னு இந்தக் காலுக்கு இப்பதான் சொல்லிக் குடுக்கறேன். கேக்க மாட்டேங்குது."

பாலத்துக்கு இருநூறு அடி இருக்கும்போது, தண்ணீர் இறைக்கும் பம்ப் அறைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. லிஃப்ட்காரர் அங்கே உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் பாலம் வரை போய்த் திரும்பி வரும்போது எழுந்து சேர்ந்துகொள்வார். பாலத்தை ஒரு நாள்கூட அவர் தொட்டதில்லை.

"அண்ணே, இன்னும் இருநூறு அடிதான்."

"அது எட்டாவது மாடி தம்பி. எனக்கு ஏழுலயே கதவு திறந்துடுது."

அப்பா எண்ணுகிற விதமே தனி. ஆள்களைப் பார்த்து எண்ண மாட்டார். வலது கைப் பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார், துணி அடுக்கில் விளிம்புகளைத் தட்டுகிற மாதிரி. வாசலில் பதிமூன்று. பாலத்தில் பன்னிரண்டு, பெஞ்சில் ஒன்று. திரும்பி வந்ததும் பதிமூன்று. "சரியா இருக்கு டீச்சர்" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும். மருத்துவமனையிலும் அவர் கணக்கு ஒரு நாளும் குறைந்ததில்லை என்று அம்மாவே சொல்லுவாள், குறை சொல்கிற அதே வாயால்.

மூன்றாவது மாதம் ஒரு புதன்கிழமை. நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா நடந்து வந்து, ஆரஞ்சுச் சட்டையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தார். கால்வாய்ப் பாதையில் குழாய்க்காகத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாலம் வரை போகும்போது ஒன்றுமில்லை, திரும்பும்போது வழியை அடைத்துவிட்டார்களாம். அதனால் கடைத்தெரு வழியாகச் சுற்றி வந்தார்களாம். டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"சார், லிஃப்ட் சார் உங்ககூட வந்தாரா? அவர் மக கேக்கறா. இன்னும் வீட்டுக்கு வரலையாம்."

"பதிமூணு போச்சு, பதிமூணு வந்துச்சு டீச்சர். பாலத்துலயும் பதிமூணு. நான் ரெண்டு தடவை எண்ணினேனே."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பெருவிரல் மற்ற விரல்கள் மேல் ஓடியது. ஒன்று, இரண்டு. பிறகு நின்றது.

"குடைக்காரம்மா," என்றார். என்னிடமும் இல்லை, போனிலும் இல்லை. "புதுசா ஒருத்தர் வந்ததால வாசல்ல அந்தம்மா இல்லாமலே பதிமூணு. அந்தம்மா லேட்டா வந்தாங்க. பாலத்துலதான் வந்து சேர்ந்தாங்க."

வழக்கமாகப் பாலத்தில் பன்னிரண்டுதான் இருக்கும். அன்று பதிமூன்று இருந்தது. முழு எண் கிடைத்ததும் அப்பாவின் மனசு அடங்கிவிட்டது. பெஞ்சில் ஒருவர் இருக்கிறார் என்பது அந்த எண்ணிக்கைக்கு அடியில் போய்விட்டது.

டீ டம்ளரைக் கீழே வைத்தாரா போட்டாரா தெரியாது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். நானும் ஓடினேன். தெரு முனை, மருத்துவ நிலையம், பூங்கா வாசல், கால்வாய். தோண்டிப் போட்டிருந்த மண் மேட்டை அவர் கையூன்றித் தாண்டினார். வாழ்க்கையில் முதல் முறையாக அப்பா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

லிஃப்ட்காரர் பெஞ்சுக்கும் பம்ப் அறைச் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தார். யாரும் வரவில்லையே என்று எழுந்திருக்கிறார். சர்க்கரை இறங்கித் தலை சுற்றி விழுந்துவிட்டார். நாயோடு நடக்க வந்த ஒரு பெண் தன் மேல்கோட்டை அவர் மேல் போர்த்தி, மிட்டாய் ஒன்றை வாயில் போட்டு, ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. இடுப்பு எலும்பு.

அப்பா மண்டி போட்டு உட்கார்ந்தார். லிஃப்ட்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"வந்துட்டியா தம்பி," என்றார். "எந்த மாடி?"

அப்பா அழுதார். நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பதற்றத்தில் வந்த வார்த்தைகள்தான், மனசிலிருந்து வந்தவை இல்லை.

"நீங்க ஆஸ்பத்திரிக்காரர்னுதானே சார் பின்னால விட்டேன்! சர்க்கரை இறங்குற ஆளோட முகத்தப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே!"

அப்பா நிமிர்ந்தார். ஒன்றும் புரியாத மாதிரி டீச்சரைப் பார்த்தார்.

"நான் ஆஸ்பத்திரியில துணி துவைச்சவன் டீச்சர்."

"ஃபார்ம்ல ஊழியர்னு..."

அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"ஃபார்ம்ல இடம் கம்மியா இருந்திருக்கும்," என்றார்.

அந்தக் கட்டத்தில் எவ்வளவு இடம் இருந்தது என்று எனக்குத் தெரியும். சலவைப் பிரிவு என்று மூன்று முறை எழுதலாம்.

அன்று நான் அலுவலகம் போகவில்லை. மத்தியானம் அப்பா அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தார், துண்டுகளைத் தொடாமல். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனேன். ஆனால் அவர் படிவத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தன் தப்பைத்தான் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார், வேலைக்குப் புதிதாக வந்த ஆளுக்குச் சொல்வது மாதிரி.

"ஒரு வார்டுக்கு நாப்பது விரிப்புன்னா நாப்பது போகணும். ஒண்ணு கிழிஞ்சு போச்சுன்னு வை, ஸ்டோர்லேர்ந்து ஒண்ணு எடுத்து வெச்சுடுவோம். நாப்பது சரியாயிடும். எந்த நாப்பதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. துணிக்கு முகம் கிடையாது பாப்பா." பெருவிரலால் சுட்டுவிரலைத் தொட்டார். "ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு. நான் அப்படியே வெச்சுட்டேன்."

"தெரியாம நடந்ததுப்பா."

"தெரியாமதான். அதுதான் பயமா இருக்கு."

மறுநாளே சட்டையைத் துவைத்து, மடித்து, டீச்சர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த மூன்று வாரம் புதனும் சனியும் ஆறரை மணிக்கு வாசல் கதவு வரை போவார், திரும்பி வருவார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதது வீட்டில் பெரிய விஷயம். அவர் மறுபடி அந்தக் கதவைத் தாண்டுவாரா என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் கவலை. தாண்டாவிட்டால் அதற்கு யார் காரணம் என்ற கவலை எனக்கு மட்டும் தனியாக இருந்தது.

லிஃப்ட்காரரைச் சேர்த்தது அப்பா வேலை பார்த்த அதே மருத்துவமனையில். பார்க்கப் போக அப்பாவுக்கு மூன்று வாரம் பிடித்தது. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். நடைபாதையில் துணி வண்டி ஒன்று எதிரே வந்தது. அப்பா சுவரை ஒட்டி ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட்டார். வண்டிக்காரர் ஒன்றும் புரியாமல் தானும் ஒதுங்கி நிற்க, இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரை ஒட்டி நின்றார்கள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நடுவில் நான்.

உள்ளே போனதும் அப்பா வாயைத் திறக்குமுன் லிஃப்ட்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர் எல்லாம் சொன்னாங்க. ஆக, உன் கணக்குல அந்தக் குடைக்காரம்மாதான் நானு. ஒரு குடையாவது குடுத்திருக்கலாமே எனக்கு."

"அண்ணே, என்னை..."

"சும்மா இருப்பா. நான் மட்டும் என்ன? எட்டுப் பேர் ஏறுவாங்க, எட்டுப் பேர் இறங்குவாங்க. நாப்பது வருஷம். யார் ஏறுனா, யார் இறங்குனான்னு நிமிர்ந்து பார்த்தேன்னு நினைக்கிறியா? எத்தனாவது மாடின்னு மட்டும்தான் கேட்டேன்." கால் வலித்திருக்க வேண்டும். முகம் சுருங்கிப் பிறகு நிமிர்ந்தது. "ஆனா சும்மா விட்டுட மாட்டேன். அந்தப் பாலத்த நான் இன்னும் பார்க்கல. என்னைக் கொண்டு போய்க் காட்டணும் நீ. பின்னால நின்னுக்கிட்டு, போங்கண்ணே போங்கண்ணேன்னு விரட்டக் கூடாது."

அப்பா விரிப்பின் விளிம்பைச் சரியாக உள்ளே செருகிக்கொண்டிருந்தார். கை தானாக அந்த வேலையைச் செய்தது.

"கால் சரியாகட்டும்ணே," என்றார். "நான் பக்கத்துல வரேன்."

அந்த வார்த்தையை அப்பா வாயில் நான் கேட்டது அன்றுதான்.

அந்தச் சாயங்காலமே நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். படிவத்தில் எழுதியது நான், ஏன் எழுதினேன் என்பதையும் சொன்னேன். படித்த வார்த்தைகளில் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். பாதியில் அந்த வார்த்தைகள் தீர்ந்துபோய், "வெக்கமா இருந்துச்சு டீச்சர்" என்று முடிந்தது. அவர் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நானும்தான் கேட்டிருக்கணும். ஆஸ்பத்திரின்னா டாக்டர் மட்டுந்தானா? முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல இருந்தவ நான். பெருக்குறவங்க பேர்கூட எனக்குத் தெரியாது."

சனிக்கிழமை ஆறே காலுக்கு டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஆரஞ்சுச் சட்டை.

"சார், நான் வேற ஆளைப் போட்டுப் பார்த்தேன். வங்கியில இருந்தவர். போனைப் பார்த்துக்கிட்டே வந்து எங்களையெல்லாம் தாண்டிப் போயிட்டார். நாங்க அவரைத் தேடினோம்."

அம்மா உள்ளே இருந்து சிரித்தது கேட்டது. அப்பா சிரிக்கவில்லை.

"நான் எண்ண மாட்டேன் டீச்சர்."

"எண்ண வேண்டாம்."

"கூப்பிட்டுப் பார்க்கட்டுமா? ஒவ்வொருத்தரா?"

"கூப்பிடுங்க."

அன்றிலிருந்து அந்தக் குழுவில் எண்ணிக்கை கிடையாது. வாசலிலும் பாலத்திலும் அப்பா ஒவ்வொருவரையும் முகம் பார்த்துக் கூப்பிடுவார். அவர்கள் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். முகம் தெரிய வேண்டும் என்று எல்லாரையும் தன் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுவார். முதலில் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று சிரித்தவர்கள், பிறகு தங்கள் பெயர் வருவதற்காகக் காத்து நிற்க ஆரம்பித்தார்கள். சனிக்கிழமைகளில் நானும் போனேன். யாருக்கு எந்த முட்டி வலிக்கும், யார் மாத்திரை போடாமல் வந்திருக்கிறார், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் எல்லாம் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. கடைசியாக, மருத்துவமனையில் இருக்கிறவரையும் ஒரு தடவை கூப்பிடுவார். பதில் வராது. "லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரியில" என்று அவரே சொல்லிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் டீச்சர் விசில் ஊதலாம்.

எலும்பு கூடவும், மறுபடி நடை பழகவும் எட்டு மாதம் ஆனது. அப்பா வாரத்துக்கு இரண்டு நாள் லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். கூடத்தில் சுவரிலிருந்து சுவர் வரை நடப்பார்கள். "நாலாவது மாடி தாண்டிட்டாரு," என்று வந்து சொல்வார். ஒரு நாள் லிஃப்ட்காரர் கைத்தடியோடு பூங்கா வாசல் வரை வந்துவிட்டார். அப்பா கூப்பிட்டபோது, "இருக்கேன்!" என்று அவர் கத்திய கத்தலில் குடைக்காரம்மாவின் கையிலிருந்த குடை கீழே விழுந்ததாம். அடுத்த சனிக்கிழமை பாலம் என்று பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை. அப்பா துவைத்த ஆரஞ்சுச் சட்டையைக் கொடியிலிருந்து எடுக்கப் பின்பக்கம் போனார். வெகு நேரமாகியும் வரவில்லை என்று அம்மா போய்ப் பார்த்தாள். சட்டை கையில் இருந்தது. டாக்டர், இதயம் என்றார். வலித்திருக்காது என்றும் சொன்னார். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்களோ என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

இறுதிச் சடங்குக்கு நடைக் குழு மொத்தமும் வந்தது. எங்கள் சொந்தக்காரர்கள், இவர்கள் யார் என்று கேட்டார்கள். "என் வீட்டுக்காரரோட கூட நடந்தவங்க," என்றாள் அம்மா. கூட என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து டீச்சர் எனக்குப் போன் செய்தார். சட்டை எங்கள் வீட்டில்தான் இருந்தது. பெரிய அளவு, எனக்குத் தொளதொளவென்று இருக்கும் என்று சொன்னேன். வந்து நில்லும்மா, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

படிவம் ஒன்று கொடுத்தார். இந்த முறை எனக்காக. என் வேலை என்ற கட்டத்தில் பேனா நிற்கவில்லை. ஆனால் அதை நிரப்பிய பிறகு நெஞ்சு லேசாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் வேலையை எழுதுவதில் எனக்கு எப்போது வெட்கம் இருந்தது?

சனிக்கிழமை வாசலில் நின்று, எல்லாரையும் என் பக்கம் திரும்பச் சொல்லி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். டீச்சர். குடைக்காரம்மா. வங்கிக்காரர். மற்றவர்கள். கடைசியில் லிஃப்ட்காரர், கைத்தடியோடு. "இருக்கேன்," என்றார், இந்தத் தடவை மெதுவாக.

அவருக்குப் பின்னால் நடந்தேன். முன்னால் போகிறவர்களின் முதுகுகள் எல்லாம் தெரிந்தன. யார் காலை இழுக்கிறார், யார் யாரோடு பேசாமல் போகிறார் என்று அங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. அப்பா இத்தனை வருஷம் என்னையும் அம்மாவையும் இப்படிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பார்.

பம்ப் அறை வந்தது. லிஃப்ட்காரர் பெஞ்சில் உட்கார்ந்து கைத்தடியைப் பக்கத்தில் சாத்தி வைத்தார்.

"இன்னும் இருநூறு அடிதான் பெரியப்பா," என்றேன். "நான் பக்கத்துல வரேன். அப்பா உங்களுக்கு ஒரு நடை பாக்கி வெச்சிருக்காங்க. நான் குடுத்துடறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தொளதொளத்த சட்டையைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

"அவனுக்குப் பதிலா நீ வந்தா எண்ணிக்கை சரியா இருக்கும் பாப்பா," என்றார். "அதுலதானே உங்கப்பன் ஒரு தடவை ஏமாந்தான்."

நான் கைத்தடியை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி மறுபடி பக்கத்தில் சாத்தினார்.

"நீ போ. எல்லாரும் முன்னால போறாங்க பாரு. வரும்போது என்னை மறந்துடாத."

போனேன். பாலத்தில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அவர் பெயரையும் கூப்பிட்டேன். இருநூறு அடி தள்ளி, பெஞ்சிலிருந்து, கைத்தடி ஒன்று மேலே உயர்ந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமை போய்விட்டது. இப்போதெல்லாம் அவருக்கு நடை நன்றாகத் தேறிவிட்டது. கடைக்குத் தனியாகப் போகிறார், மாடிப்படிகூட ஏறுகிறார் என்று அவர் மகள் சொன்னாள். ஆனால் பெஞ்சு வந்ததும் உட்கார்ந்துவிடுகிறார். ஒரு ஓரமாக, இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு. பாலத்துக்கு அவர் இன்னும் வரவில்லை.